இராமநாதபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்க: எந்த மாதம், எந்தக் கரை?

திருச்சியிலிருந்து இரண்டு குடும்பங்களாக வருகிறோம், பெரியவர்கள் ஆறு பேர், ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை பிள்ளைகள் நான்கு பேர், மூன்று இரவுகள் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க வேண்டும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாட வேண்டும், படகிலும் போக வேண்டும், முடிந்தால் தனுஷ்கோடியில் ஓர் இரவு கழிக்க வேண்டும், இதற்கு அரையாண்டு விடுமுறை ஏற்றதா, பொங்கல் ஏற்றதா, மே மாதம் ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசிப் பகுதிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த இடம் என்பதை முடிவு செய்வது மாதம். மாதத்தை முடிவு செய்வது காற்று.

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நோக்கிப் போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து, சாலைக்கு இடப்புறமும் வலப்புறமும் சில கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆழம் குறைந்து, அலையும் குறைந்து, குளம்போலக் கிடப்பது பெண் கடல். அலை எழுந்து கரையை அறைவது ஆண் கடல். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பெயரை வைத்து ஏமாந்துபோகிறார்கள். ஐப்பசியில் வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மார்கழி முடிந்து தை பிறந்த பின்னும் சில நாள் வரை சீறுவது பெண் கடல்தான். அந்த நாட்களில் ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பினால் நிலைமை அப்படியே மாறி, தெற்கே படகு இறக்கவே யோசிப்பார்கள். வடக்கே பிள்ளைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பந்து விளையாடுவார்கள். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கரையைத் தேர்ந்தெடுப்பதே இங்கே தங்குவதில் பாதி வேலை.

இதை வைத்து உங்கள் மூன்று விடுமுறைகளையும் பார்க்கலாம். அரையாண்டு விடுமுறை வேண்டாம். அது வடகிழக்குப் பருவமழையின் வால்பகுதி. மழை இல்லாவிட்டாலும் வாடை இரவு முழுவதும் கூடாரத் துணியைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் உறங்க மாட்டார்கள். தனுஷ்கோடி நகரையும் பாம்பனிலிருந்து அங்கு போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில்தான். அப்படி ஒரு புயல் ஆண்டுதோறும் வருவதில்லை என்றாலும், டிசம்பரில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் இந்தக் கரைக்குக் குடும்பத்தோடு வரும் பழக்கம் எங்களுக்கே கிடையாது. பொங்கலுக்கு வரலாம், ஆனால் நீரில் இறங்குவதைத் தெற்குக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் வடகரையில் கடல் நன்றாகத்தான் இருக்கும், வெயில்தான் உங்களை விரட்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் கூடாரத்துக்குள் உட்கார முடியாது, மணலில் வெறுங்காலோடு நடக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால் நீங்கள் குறிப்பிடாத ஒரு காலத்தைத்தான் சொல்வேன்: மாசி பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது, இரண்டு கடலும் ஒரே நேரத்தில் அமைதியாக இருப்பது ஏறக்குறைய இந்த ஒரு பருவத்தில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்குமே என்பீர்கள். வெள்ளி, திங்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் மூன்று இரவு கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரும் உங்களிடம் இல்லை என்பது வயதைப் பார்த்தாலே தெரிகிறது.

அடுத்து, எங்கே தங்குவது. கடற்கரை மணலில் விரும்பிய இடத்தில் கூடாரம் போடலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். இது எல்லைக் கடற்கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினரும் வனத்துறையினரும் இரவில் ரோந்து வருகிற கரை. ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் ஓர் இரவு மணலில் விளக்கு எரிந்தால், விசாரிக்க யாராவது வந்துதான் தீருவார்கள்; அவர்கள் வருவதில் தவறும் இல்லை. தனுஷ்கோடியைப் பொறுத்தவரை பதில் இன்னும் சுருக்கமானது: இரவு தங்க முடியாது, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆகவே கரையிலிருந்து சற்று உள்ளே, வேலி போட்ட தென்னந்தோப்பிலோ, தங்கும் குடில்கள் நடத்துகிறவர்களின் வளாகத்துக்குள்ளோ, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் போடுவதுதான் இங்கே சரியான முறை. பத்துப் பேர் தங்குகிறீர்கள் என்பதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டால் இரவில் நிம்மதியாக உறங்கலாம். கழிப்பறை வசதியும், பெண்கள் உப்புத்தண்ணீர் போகக் குளிக்க இடமும் இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். படத்தில் எல்லாத் தோப்பும் அழகாகத்தான் இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் தங்குமிடம் உச்சிப்புளிக்கு வடக்கே, அரியமான் கடற்கரையை ஒட்டிய பகுதி. சவுக்குத் தோப்பின் நிழல் கரை வரைக்கும் வரும். நீர் படிப்படியாகத்தான் ஆழம் கூடும்; அமைதியான நாளில் பெரியவர் ஒருவர் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் இந்த மாவட்டத்தில் இல்லை என்றே சொல்வேன். கொஞ்சம் மேற்கே பிரப்பன்வலசையில் கயாக் ஓட்டவும், பலகையில் நின்று துடுப்புப் போடவும், முகமூடி அணிந்து நீருக்கடியில் பார்க்கவும் பயிற்சியாளர்களோடு ஏற்பாடு இருக்கிறது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஒரு முழுக் காலைப் பொழுது அங்கேயே போய்விடும். காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, பதினொரு மணிக்குள் நீர் கலங்கிவிடும். பிறகு முகமூடி போட்டும் பயனில்லை.

இந்த வடகரையின் அடித்தளத்தில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். நீங்கள் அதைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஆனால் அதே புல்லுக்கும் மணலுக்கும் இடையில் படுத்துக் கிடக்கும் திருக்கையை மிதிக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே தண்ணீரில் இறங்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகக் காலைத் தூக்கி வைக்காமல், மணலை உரசி இழுத்து இழுத்து நடக்கச் சொல்லிக்கொடுங்கள். அந்த அசைவை உணர்ந்ததும் திருக்கை ஒதுங்கிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும்; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், ஆழமாக இறங்கிய முள்ளை நீங்களே பிடுங்கக் கூடாது. சொறி, அதாவது இழுதுமீன், பட்டுவிட்டால் எல்லாரும் செய்யும் தவறு, குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றுவது. கடல்நீரால்தான் கழுவ வேண்டும்; நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் நச்சு இழைகள் மேலும் வெடித்து எரிச்சல் கூடும். மூச்சுத் திணறலோ வாந்தியோ தெரிந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கூடாரத்தில் கட்டிவிடுங்கள். கைபேசியில் பதிந்துவைத்தால் அந்த நேரத்தில் கைபேசி வேறொருவரிடம் இருக்கும்.

கூடாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் நாங்கள் பட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம் என் தங்கை குடும்பம் புதுக் கூடாரத்தோடு வந்தது. அதோடு வந்த இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து, இழுத்துப் பார்த்து, நன்றாக நிற்கிறது என்று எல்லாரும் திருப்திப்பட்டுக்கொண்டோம். இரவு இரண்டு மணிக்கு மேல் கடற்காற்று நின்று கரைக்காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பியபோது, மணலில் அடித்த முளை ஒவ்வொன்றும் வெண்ணெயிலிருந்து கத்தியை எடுப்பதுபோல் உருவிக்கொண்டு வந்தது. மேல்துணி பறந்து போய்ப் பக்கத்திலிருந்த உடைமரத்தில் மாட்டியது. உடைமுள்ளில் மாட்டிய துணி எந்த நிலையில் திரும்பி வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து முளையை நம்புவதில்லை. உரச்சாக்கு எட்டு எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே கூடாரக் கயிற்றையும் முடிந்து, ஒரு முழத்துக்கு மேல் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிடுவோம். கயிறு அறுந்தாலும் அறுமே தவிர மூட்டை மேலே வராது. வாசலைக் கடலைப் பார்த்து வைக்க எல்லாருக்கும் ஆசை. காற்று வரும் பக்கம் வாசல் இருந்தால் விடியும்போது பாய்மேல் ஒரு படி மணல் இருக்கும். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும் என்பதால், பிள்ளைகள் தோப்புக்குள் ஓடக் கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். சவுக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டாதீர்கள்; காய்ந்த சவுக்கு இலை பஞ்சுபோல் பற்றும். சிறிய எரிவாயு அடுப்பைத் திறந்த வெளியில் வைத்துச் சமைப்பதே நல்லது.

குடிதண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். கடலோர ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உவர். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்காக நடக்கிற பெண்களை நீங்கள் வழியெல்லாம் பார்ப்பீர்கள். அவர்கள் சுமந்து வந்த தண்ணீரை விருந்தாளி கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதாலேயே நீங்கள் கேட்கக் கூடாது.

இரண்டாம் நாளை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் ஒதுக்குங்கள். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு அருகிலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சாலைப் பாலத்திலிருந்து அது தெரியும், ஆனால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போக்குவரத்தை மறிக்காதீர்கள். தங்கச்சிமடத்துக்கு அருகே வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் கட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் இறைத்துக் குடிப்பது பிள்ளைகளுக்குக் கோயிலைவிடப் பிடிக்கும். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. அங்கே பார்ப்பது மட்டும்தான், இறங்கக் கூடாது. இரு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும், காலடியில் மணல் திடீரெனச் சரிந்து ஆழமாகும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இந்தத் தடை பொருந்தும், உங்களோடு வரும் பதின்மூன்று வயதுக்காரருக்குக் குறிப்பாகப் பொருந்தும்.

தனுஷ்கோடியில் நீங்கள் தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் வண்டியேறிவிடுகிறார்கள். அங்கே குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் எப்படித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நின்று பார்க்கிறவர்கள் குறைவு. கடலிலிருந்து கூப்பிடு தொலைவில், மணலைக் கையால் பறித்து ஆழமில்லாத ஒரு குழி போடுவார்கள். முதலில் ஈரம் தெரியும், பிறகு குழியின் ஓரத்திலிருந்து கண்ணீர் கசிவதுபோல் தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவில் ஊறும் தண்ணீர் இனிக்கிறது. மணல் மேட்டில் பெய்த மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் கலந்துவிடும் என்பதால்தான் குழி ஆழமில்லாமல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை அங்கேயே, அந்தக் குழியைக் காட்டியே விளக்குங்கள்.

மாசியில் வந்தால் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் காயலில் பூநாரைகள் நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பகுதி 2025இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள், சேற்றில் இறங்கி விரட்டிப் படமெடுக்க வேண்டாம். அதே பருவத்தில் இந்த மணலுக்கு ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடத்தில் பொரிக்க வைக்கிறார்கள். இரவில் கடற்கரையில் பளீரென்ற விளக்கு கூடாது என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவுகளைப் பற்றிப் பலரும் தவறான நம்பிக்கையோடு வருகிறார்கள். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை தானே அழைத்துப்போகும் இடங்கள் தவிர எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது, தங்குவது கேள்விக்கே இடமில்லை. கரையில் யாராவது வந்து, காதோடு காதாக, காசு கொடுத்தால் தீவில் இறக்கிவிடுகிறேன் என்பார். பிடிபட்டால் படகும் போகும், உங்கள் விடுமுறையும் போகும். ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப்பாறையைப் பார்க்க வனத்துறை ஏற்பாடு செய்திருக்கிறது. அது தென்கடல் என்பதால் கச்சான் காலத்தில் நம்பிப் போக முடியாது. பொங்கலுக்குத்தான் வருவோம் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், இதையும் தென்கரையிலுள்ள சேதுக்கரையையும் வாலிநோக்கத்தையும் வைத்தே பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு அழகாக இருக்கிறதென்று பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வார்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கிளம்பும்போது பைகளைச் சோதித்து மணலிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

எந்தப் படகில் ஏறினாலும் மிதவைச் சட்டையைப் பெற்றோரே சோதிக்க வேண்டும். ஒரு படகுத்துறையில் என் அண்ணன் பேத்திக்குப் பெரியவர்கள் அணியும் சட்டையைக் கட்டி, போதும் என்று சொன்னார்கள். சட்டையின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை தரையிலேயே நிற்க, சட்டை மட்டும் காதைத் தாண்டி என் கையோடு வந்தது. தண்ணீரில் நடப்பதும் அதுதான். கவட்டைக்கு அடியில் வார் இல்லாத, தோளைத் தூக்கினால் தாடையைத் தாண்டும் சட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கு உதவாது. முடிந்தால் அளவுக்கு ஏற்றதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் நாளை வெறுமனே விடுங்கள். காலையில் கடல், நடுப்பகலில் தோப்பு நிழல், மாலையில் மீண்டும் கடல். பங்குனி நெருங்கினால் பதநீர் கிடைக்கும், பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள். தையில் வந்தால் பனங்கிழங்கு. மீன் வாங்க விடியற்காலையில் கரைக்குப் போனால் நாட்டுப்படகுகள் வரும்போதே வாங்கலாம். மே மாதத்தை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீனுக்கு அப்போது விலை வேறு.

திரும்பும் நாளில் காரங்காட்டுக்குப் போங்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மீனவர் ஊர் அது. வனத்துறையோடு ஊர்மக்கள் சேர்ந்து, அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், கயாக்கும் ஓட்டலாம். வழியை அடைக்கும் கிளைகளுக்கு அடியில் குனிந்து போய்த் திறந்த கடலுக்கு வரும்போது, கொக்கும் நாரையும் கடற்காகமும் ஒரே திட்டில் உட்கார்ந்திருக்கும். நீர்மட்டம் மிகக் குறைந்திருந்தால் படகு உள்ளே போகாது. முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, காலை வேளையில் போய்ச் சேருங்கள். சாப்பாடும் அங்கேயே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள்.

வரும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புங்கள். மாலை நான்கு மணிக்குள் தோப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் எட்டுச் சாக்கையும் வெளிச்சத்தில்தான் ஒழுங்காகப் புதைக்க முடியும். ஆர்.எஸ்.மங்கலத்தில், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற பெரிய கண்மாய் வரும். மாசியில் அதில் தண்ணீர் கிடந்தால், கட்டுச்சோற்றை அந்தக் கரையிலேயே பிரியுங்கள்.